22 கோயில், ஒரு பழைய ஆம்னி, ஒரு கமோடு நாற்காலி... திருநாவலூரில் தொடங்கிய அப்பா, அம்மாவின் நெடும்பயணம்!

சென்னையிலிருந்து திருச்சிக்குக் காரில் போகிறவர்களுக்கு விழுப்புரம் தெரியும்; உளுந்தூர்பேட்டை தெரியும். இரண்டுக்கும் நடுவில், நெடுஞ்சாலையிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டர் உள்ளே இருக்கும் திருநாவலூரை அவ்வளவாக யாருக்கும் தெரியாது. கள்ளக்குறிச்சி மாவட்டம், உளுந்தூர்பேட்டை வட்டத்தில் இருக்கும் சின்ன ஊர். ஊர்ப் பெயரிலேயே நாவல் மரம் இருக்கிறது. பக்தஜனேஸ்வரர் கோயிலின் தல மரமும் அதுதான்.

ஆனால் தமிழ்நாட்டின் ரோடு ட்ரிப் வரலாற்றை யாராவது எழுத உட்கார்ந்தால், முதல் அத்தியாயத்தை இந்த ஊரில்தான் தொடங்கவேண்டும். சுந்தரர் பிறந்த ஊர் இது. 8-ம் நூற்றாண்டு வாக்கில் வாழ்ந்த அவரை வீட்டில் உட்கார்ந்து பாடியவர் என்று சொல்ல முடியாது. நாடெல்லாம் சுற்றியவர். பெரியபுராணத்தில் அவர் கதையைப் படித்தால் பாதிக்கு மேல் வழிப்பயணக் கதைதான். திருவதிகைக்குப் பக்கத்தில் ஒரு மடத்தில் ராத்தங்குகிறார். தூங்கவிடாமல் ஒரு கிழவர் காலால் தலையை இடித்துக்கொண்டே இருக்கிறார். லாட்ஜில் டார்மிட்டரி எடுத்தவர்களுக்கு இந்த வேதனை புரியும். சீர்காழிப் பக்கம் குருகாவூர் போகும் வழியில் பசி தாங்காமல் வரும்போது பந்தல் போட்டுத் தண்ணீரும் பொதிசோறும் தருகிறார் ஒருவர். திருக்கச்சூரில் அவருக்காக இறைவனே வீடு வீடாகப் போய்ச் சோறு வாங்கி வந்ததாகக் கதை. திருமுருகன்பூண்டியில் கொண்டுபோன பரிசுப் பொருளையெல்லாம் வழிப்பறியில் பறிகொடுக்கிறார். மோட்டல், பார்சல் சாப்பாடு, ஹைவே கொள்ளை என்று இன்றைக்கு நாம் பேசுகிற எல்லாமே அதில் இருக்கிறது.

இவ்வளவு சுற்றிய சுந்தரருக்கு ஆயுள் வெறும் 18 வருடம் என்பது மரபு. இதே திருமுனைப்பாடி நாட்டில், பண்ருட்டி பக்கம் திருவாமூரில் பிறந்த அப்பருக்கு 81. கடைசிவரை நடந்துகொண்டே இருந்தவர். அந்த வகையில் பார்த்தால் ரிட்டயர்டு ஆட்களின் பயணத்துக்கு அப்பர்தான் முன்னோடி.

இதையெல்லாம் ஆடி கடைசியில் ஒரு வியாழக்கிழமை காலை, ஆம்னி வேனின் பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டு போனில் படித்துக்கொண்டு வந்தேன். முன்னால் ஓட்டிக்கொண்டிருந்தது அப்பா. பக்கத்தில் அம்மா. ஊர் திண்டிவனம். அப்பா 62 வயது, அரசுப் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மாவுக்கு 60, அங்கன்வாடியில் 30 வருடத்துக்கு மேல் வேலை பார்த்து, இந்த வருடம்தான் வீட்டுக்கு வந்திருக்கிறார். நடுநாட்டில் இருக்கும் தேவாரப் பாடல் பெற்ற 22 தலங்களையும் வேனிலேயே பார்த்து முடிப்பது என்று இருவரும் முடிவெடுத்திருந்தார்கள். பதினைந்து நாள் கணக்கு. முதல் இரண்டு நாள் மட்டும் நான் கூட வருகிறேன் என்று ஏற்பாடு. 'அப்படியே ஒரு கட்டுரை கொடுத்துடு' என்றார் ஆபீஸில். லீவும் ஆச்சு, வேலையும் ஆச்சு.

வெளிநாட்டில் இதற்கென்றே ஒரு வாழ்க்கை முறை இருக்கிறது. வேலையை விட்டு ஓய்வு பெற்றதும் காருக்குப் பின்னால் படுக்கை, அடுப்பு, கழிப்பறையோடு ஒரு குட்டி வீட்டை மாட்டி இழுத்துக்கொண்டு மாதக்கணக்கில் கிளம்பிவிடுகிறார்கள். ஆஸ்திரேலியாவில் அவர்களுக்கு 'கிரே நோமேட்ஸ்' என்று செல்லப்பெயர், நரைத்த நாடோடிகள். ஜெர்மனியைச் சேர்ந்த குந்தர் ஹோல்டோர்ஃப் விமான கம்பெனி வேலையை விட்டுவிட்டு, மனைவி கிறிஸ்டீனோடு 'ஓட்டோ' என்று பெயர் வைத்த ஒரு பென்ஸ் ஜீப்பில் சுற்றிய கதை உலகப் பிரசித்தம். 1980-களின் கடைசியில் ஆப்பிரிக்காவில் தொடங்கி 2014 வரை, ஏறக்குறைய 9 லட்சம் கிலோமீட்டர், 170-க்கும் மேற்பட்ட நாடுகள். ஹோட்டல் பக்கமே போகாமல் வண்டிக்குள்ளேயே மெத்தை போட்டுத் தூங்கினார்கள். வண்டி நிழலில் சமைத்தார்கள். 2010-ல் கிறிஸ்டீன் புற்றுநோயில் இறந்துவிட்டார். அதற்குப் பிறகும் அவர் படத்தை வண்டியில் மாட்டிக்கொண்டு ஹோல்டோர்ஃப் ஓட்டினார்.

அவ்வளவு தூரம் போவானேன், நம் பக்கத்தில் கொச்சியிலேயே டீக்கடை விஜயன் - மோகனா தம்பதி இருந்தார்கள். தினமும் டீக்கடை வருமானத்தில் ஒரு பங்கை எடுத்துவைத்து 25-க்கும் மேற்பட்ட நாடுகளைப் பார்த்தார்கள். அவர்கள் போனது விமானத்தில்தான். 2021-ல் ரஷ்யா போய்வந்த சில வாரத்தில், அந்த நவம்பரில் விஜயன் காலமானார்.

நம் ஊரில் இழுத்துப்போகும் வீட்டு வண்டி இன்னும் பழக்கத்துக்கு வரவில்லை. அந்த ட்ரெய்லரைத் தனி வாகனமாகப் பதிவு செய்யவேண்டும். இருக்கிற வேனையே வீடாக மாற்றலாம் என்றால், மோட்டார் வாகனச் சட்டப்படி அனுமதி இல்லாமல் வண்டியின் அமைப்பை மாற்றக் கூடாது. கேரள அரசு 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்கென்று தனிக் கொள்கையே கொண்டுவந்தது. தமிழக அரசின் 2023 சுற்றுலாக் கொள்கையிலும் கேரவன் சுற்றுலா இடம்பெற்றிருக்கிறது. ஆனால் திண்டிவனத்து ரிட்டயர்டு டிரைவருக்குக் கேரவன் என்றால் இன்னமும் சினிமா நடிகர்கள் ஏசி போட்டு உட்கார்ந்திருக்கும் வண்டிதான்.

நம் ஆட்கள் அதை வேறு பெயரில், எப்போதிலிருந்தோ செய்துகொண்டிருக்கிறார்கள். அதற்குப் பெயர் 'கோயிலுக்குப் போறது'.

யோசித்துப் பாருங்கள். 60 வயதில் ஒரு கணவனும் மனைவியும் 'நாங்க ரெண்டு பேரும் பதினைந்து நாள் ஊர் சுத்தப் போறோம்' என்று சொன்னால் சொந்தக்காரர்கள் என்ன பேசுவார்கள்? 'நடுநாட்டுத் தலம் 22-ம் பார்க்கப் போறோம்' என்றால் அதே ஆட்கள் விபூதி பிரசாதம் கேட்டு அனுப்புவார்கள். அம்மாவிடம் இதைக் கேட்டேன். 'ஏண்டி, சாமியும் கும்பிடத்தான் போறோம்' என்றார். அந்த 'உம்'மில் எல்லாம் இருந்தது.

வேனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மாருதி ஆம்னியை 2019-லேயே உற்பத்தி நிறுத்திவிட்டது. இது கைமாறி வந்த பழைய வண்டி. அப்பா அதில் ஒரு ஆணிகூட அடிக்கவில்லை. பின்பக்கம் சாமான் வைக்கும் இடத்தில் கோரைப்பாய், மடக்கு நாற்காலி இரண்டு, 20 லிட்டர் தண்ணீர் கேன், ஒரு பிளாஸ்டிக் கூடையில் மாத்திரைகள், ஃபிளாஸ்க், எவர்சில்வர் தூக்கு. அம்மா சின்ன சிலிண்டரும் அடுப்பும் எடுத்துக்கொள்ளலாம் என்று ஆசைப்பட்டிருக்கிறார். 'பஸ்ல ஒருத்தனையும் சிலிண்டர் ஏத்த விட்டதில்ல, என் வண்டில நானே ஏத்துவனா?' என்று அப்பா மறுத்துவிட்டார். அதனால் புளிசாதம், எலுமிச்சை சாதம், தயிர் சாதம். காலை இட்லிக்குக் கடை.

இதற்கெல்லாம் பின்னால், பழைய புடவை ஒன்றால் சுற்றிக் கட்டி, ஒரு பொருள் இருந்தது. மடக்கு கமோடு நாற்காலி. மெடிக்கல் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். நடுவில் ஓட்டை வைத்த நாற்காலி. இந்தியக் கழிப்பறை மேல் வைத்து உட்கார்ந்துகொள்ளலாம். அம்மாவுக்கு நான்கு வருடமாக மூட்டுவலி. கீழே உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. இந்த ஒரே காரணத்துக்காக எத்தனை கல்யாணத்துக்கு, எத்தனை சாவுக்குப் போகாமல் இருந்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். போனாலும் காலையிலிருந்து தண்ணீர் குடிக்க மாட்டார். நம் வீட்டுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் இப்படித்தான் பயணம் போகிறார்கள் என்று நினைக்கிறேன். யாரும் வெளியே சொல்வதில்லை. பெட்ரோல் பங்க்கில் கழிப்பறையும் குடிநீரும் பெட்ரோல் போடாதவர்களுக்கும் இலவசம்தான். ஆனால் உள்ளே இருப்பது எந்த மாதிரி கழிப்பறை, தாழ்ப்பாள் இருக்குமா, தண்ணீர் வருமா என்பது அன்றன்றைய அதிர்ஷ்டம்.

கமோடு நாற்காலியை வாங்கி வந்தது அப்பா. அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் வேனில் ஏற்றிவைத்திருக்கிறார். வழியில் ஒரு பங்க்கில் நிறுத்தியபோது, புடவை சுற்றிய அந்தப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு அப்பா முன்னால் போக, அம்மா பின்னால் போனார். உள்ளே வைத்துவிட்டு வந்து வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார் அப்பா. கேட்டால், டயரில் காற்று பார்த்துக்கொண்டிருந்தேன் என்பார். டயர் அந்தப் பக்கம் இருந்தது.

திருநாவலூரில் நாங்கள் போனபோது கூட்டம் இல்லை. சுந்தரர் குருபூஜை ஆடி சுவாதியில் வரும். அன்றைக்கு ஊர் கொள்ளாது என்பதால் அது முடிந்த பிறகு நாள் பார்த்திருந்தார் அப்பா. பஸ் ஓட்டியவர், திருவிழாக் கூட்டத்தைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

கோயிலில் சுந்தரருக்குத் தனிச் சன்னதி. இரண்டு பக்கமும் பரவையும் சங்கிலியும். எதிரில் வெள்ளை யானை. கயிலாயத்துக்கு அவரைக் கூட்டிப்போன வண்டி. 63 நாயன்மார்களில் அப்பா, அம்மா, பிள்ளை என்று மூன்று பேரும் இடம்பிடித்த ஒரே வீடு இந்த ஊர் வீடுதான். சடையனார், இசைஞானியார், சுந்தரர். பிள்ளையை எடுத்து வளர்த்த நரசிங்கமுனையரையரும் 63-ல் ஒருவர். 'பெத்தவங்க பேரும் இருக்குதே' என்று அம்மா அந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றார். சடையனாரும் இசைஞானியாரும் தங்கள் பாட்டுக்கு எங்கேயாவது போய்வந்தார்களா என்று எந்தப் புராணமும் சொல்லவில்லை. பெற்றவர்கள் கதையில் பிள்ளையின் பயணம்தான் இருக்கும்.

ஊருக்கு இன்னொரு பழைய கதையும் உண்டு. முதலாம் பராந்தக சோழனின் மகன் ராஜாதித்தன் வடக்கு எல்லையைக் காக்கப் படையோடு இந்தப் பகுதியில் இருந்தவன். கல்வெட்டில் ஊருக்கு ராஜாதித்தபுரம் என்றே பெயர். கோயிலைக் கற்றளியாக்கியதும் அவன் காலத்தில்தான். 949-ல் தக்கோலம் போரில் யானை மேல் இருந்தபடியே மாண்டான். திண்டிவனத்திலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் இவ்வளவு சரித்திரம் இருந்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் டூர் என்று எங்களைக் கூட்டிப்போனதெல்லாம் தீம் பார்க்குக்கு.

அங்கிருந்து திருவெண்ணெய்நல்லூர். சுந்தரரின் கல்யாணத்தைப் பாதியில் நிறுத்தி, 'இவன் என் அடிமை, ஓலை இருக்கிறது' என்று வழக்கு போட்ட கிழவர் ஜெயித்த ஊர். கம்பரை ஆதரித்த சடையப்ப வள்ளலின் ஊரும் இதுதான். இந்தச் சின்னத் தூரத்தில் ஒரு விஷயம் கவனித்தேன். சாலையோரம் ஒரு பாட்டி நாவல்பழம் கூறுபோட்டு விற்றுக்கொண்டிருந்தார். அம்மா 'நிறுத்துங்க' என்றார். வண்டி நிற்கவில்லை. அரை கிலோமீட்டர் தள்ளி ஒரு பஸ் ஸ்டாப் நிழற்குடை வந்ததும் அதன் முன்னால் அச்சு பிசகாமல் நிறுத்தினார் அப்பா.

'எங்க கேட்டேன், எங்க நிறுத்துறீங்க?'

'ஸ்டாப்பிங்குல தானே நிறுத்த முடியும்?'

சொன்ன பிறகுதான் அவருக்கே சிரிப்பு வந்தது. திரும்பிப் போய் வாங்கினோம். நாக்கு மூன்று பேருக்கும் ஊதாவாகிவிட்டது.

அப்பா ஓட்டிய பஸ்ஸில் அம்மா எத்தனையோ தடவை போயிருக்கிறார். டிரைவருக்குப் பின்னால் பெண்கள் சீட்டில் உட்கார்ந்து, முதுகைப் பார்த்துக்கொண்டு. பக்கத்தில் உட்கார்ந்து போகும் நீண்ட பயணம் இதுதான் முதல் தடவை. எனக்கு 26 வயது; இது எனக்கே அன்றைக்குத்தான் உறைத்தது.

கோயில் சுற்றுகிறவர்களுக்குத் தெரியும், பகல் 12 மணி வாக்கில் நடை சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். அந்த நாலு மணி நேரத்தைத் திட்டம் போடுகிறவர்கள் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஏசி காரில் வருகிறவர்கள் ஹோட்டலுக்குப் போய்விடுவார்கள். வேன் பயணத்தின் சுகம் முழுக்க அந்த நாலு மணி நேரத்தில்தான் இருக்கிறது. ஒரு புளியமரம் பார்த்து நிறுத்தி, பாய் விரித்து, தூக்கைத் திறந்தோம். புளிசாதம், வறுத்த அப்பளம், நாரத்தங்காய் ஊறுகாய். அப்பா மடக்கு நாற்காலியை அம்மாவுக்குப் போட்டுவிட்டுக் கீழே உட்கார்ந்தார். சாப்பிட்டு முடித்து, பாயில் சாய்ந்தவர் அஞ்சே நிமிடத்தில் குறட்டை. அம்மா ஒரு நோட்டில் கணக்கு எழுதினார். பெட்ரோல், டோல், இட்லி, அர்ச்சனை, நாவல்பழம். ஒரு நாளைக்குத் தங்குவதோடு சேர்த்து 2,000 ரூபாய்க்குள் முடிக்கவேண்டும் என்பது அவர் வைத்திருக்கும் வரம்பு.

ரயிலில் போனால் குறையாதா என்று கேட்டேன். மூத்த குடிமக்களுக்கு ரயில்வே கொடுத்துவந்த கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக நிறுத்தப்பட்டது. அதன் பிறகு வரவே இல்லை. அறநிலையத்துறை 2024-லிருந்து 60 முதல் 70 வயதுக்காரர்களை அறுபடை வீடுகளுக்கு இலவசமாகக் கூட்டிப்போகிறது. அதில் பேர் கொடுக்கலாமே என்றேன். 'அது நல்ல திட்டம்தான். ஆனா அவங்க சொன்ன இடத்துல இறங்கணும், சொன்ன நேரத்துக்கு ஏறணும். அதைத்தான் நான் 34 வருஷம் மத்தவங்களுக்குப் பண்ணேன்' என்றார் அப்பா, கண்ணைத் திறக்காமலேயே. குறட்டை விட்டவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

அப்புறம் அவரே இன்னொன்றும் சொன்னார். 55 வயது தாண்டினால் லைசென்ஸ் ஐந்து வருடத்துக்குத்தான் புதுப்பித்துத் தருவார்கள்; டாக்டர் சான்றிதழும் வேண்டும். அவருடைய லைசென்ஸில் இன்னும் மூன்று வருடம் பாக்கி இருக்கிறது. 'அதுக்கப்புறம் கண்ணு எப்படி இருக்குமோ. உங்கம்மா முட்டி எப்படி இருக்குமோ.' அம்மா நோட்டை மூடினார். கொஞ்ச நேரம் யாரும் எதுவும் பேசவில்லை. மரத்திலிருந்து புளியம்பூ பாய் மேல் விழுந்துகொண்டிருந்தது.

அப்பா போட்ட திட்டப்படி சாயங்காலம் திருக்கோவிலூர். அம்மாதான் மாற்றினார். 'எனக்கு மலை பார்க்கணும். கல்வராயன் மலை பக்கத்துலதானே இருக்கு?' 22-ல் இல்லாத இடம். அப்பா 'அங்க என்ன கோயில்?' என்றார். 'கோயில் இல்லன்னா போகக் கூடாதா?' வண்டி உளுந்தூர்பேட்டை பக்கம் திரும்பியது.

உளுந்தூர்பேட்டையிலிருந்து சேலம் போகும் சாலையில் எலவனாசூர்கோட்டை, தியாகதுருகம் தாண்டினால் கள்ளக்குறிச்சி. 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரித்துத் தனி மாவட்டமான ஊர். 2024 ஜூனில் கள்ளச்சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தபோது நாடு முழுக்கப் பெயர் அடிபட்டது. அதற்கு முன்பே இந்த ஊருக்கு நல்ல பெயர் ஒன்று கிடைத்திருந்தது. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு. அந்தப் பெயர் செய்தியில் ஓடவே இல்லை. ராத்திரி அங்கேயே லாட்ஜில் தங்கினோம். அறை கேட்பதற்கு முன்னால் கீழ்த்தளமா, லிஃப்ட் உண்டா, வெஸ்டர்ன் டாய்லெட்டா என்று மூன்று கேள்வி. மூன்றாவது இடத்தில்தான் மூன்றுக்கும் சரியான பதில் வந்தது.

மறுநாள் காலை கச்சிராயபாளையம் வழியாக கோமுகி அணை. மலை அங்கேயே தொடங்கிவிடுகிறது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதிதான் கல்வராயன். சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என்று இரண்டு. பெரியதில் 4,000 அடி வரைக்கும் உயரம் உண்டு. ஊட்டி மாதிரி ஸ்வெட்டர் போடும் குளிர் இல்லை. கீழே வெயிலில் காய்ந்தவர்களுக்கு 'அப்பாடா' என்று இருக்கும், அவ்வளவுதான். அதுவே போதும்.

கொண்டை ஊசி வளைவுகளில் அப்பா வேறு ஆளாகிவிட்டார். ஹாரன் கொடுத்து, ஏறிவரும் வண்டிக்கு வழி விட்டு, ஒவ்வொரு வளைவிலும் எதிரில் வரும் டிரைவருக்குக் கை காட்டி. மலையில் ஏறிவரும் வண்டிக்குத்தான் முன்னுரிமை. ஏறும்போது என்ன கியரில் ஏறினோமோ, இறங்கும்போதும் அதே கியரில் இறங்கவேண்டும். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் சூடாகிப் பிடிக்காமல் போய்விடும். பைக்கில் வருகிற தம்பிகளுக்குச் சொல்லச் சொன்னார், சொல்லிவிட்டேன்.

கரியாலூரில் பூங்காவும் படகுக் குழாமும் இருக்கிறது. பிள்ளைகள் இருந்தால் இறங்கலாம். அருவிகளில் மேகம் அருவிக்கு நடக்கவேண்டும், அது அம்மாவுக்கு ஆகாது. பெரியார் அருவிக்குச் சிரமம் குறைவு. மழை பெய்து இரண்டு நாள் ஆகியிருந்ததால் தண்ணீர் சுமாராக விழுந்தது. அப்பா கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார் அம்மா. கடைசிப் படியில் உட்கார்ந்து தண்ணீரில் காலை விட்டுக்கொண்டார். நான் போட்டோ எடுக்கப் போனபோது, 'வேணாம், கால் வீங்கியிருக்கு, தெரியும்' என்றார். அதனால் படம் இல்லை.

வெள்ளிமலைதான் மலையின் மைய ஊர். இங்கே வாழும் பழங்குடிகளுக்கு மலையாளி என்று பெயர். கேரளாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்பவர்கள் என்று பொருள் சொல்கிறார்கள். நீண்ட காலம் ஜாகீர்தார்களின் பிடியில் இருந்த மலை இது. நாடு சுதந்திரம் வாங்கிப் பல வருடம் கழித்து, 1970-களில்தான் ஜாகீர் முறை ஒழிந்து முழுசாக அரசாங்கத்தின் கைக்கு வந்தது. சாமை, மரவள்ளி, கடுக்காய், தேன். மரவள்ளி ஏற்றிய லாரிகள் எதிரில் வந்தபடி இருந்தன.

ஒரு டீக்கடையில் நின்றோம். கடைக்கார அக்கா அம்மாவிடம், 'எந்தக் கோயிலுக்கு வந்தீங்க?' என்றார். அம்மா ஒரு நொடி யோசித்தார். 'கோயிலுக்கு இல்ல. சும்மா பார்க்க வந்தோம்.' அந்த 'சும்மா'வைச் சொல்லிவிட்டு என்னைப் பார்க்கவில்லை, அப்பாவையும் பார்க்கவில்லை. டீயை ஊதிக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில் அக்காவிடமிருந்து போன். அக்காவுக்கு இந்தப் பயணமே பிடிக்கவில்லை. 'இந்த வயசுல எதுக்கு ரிஸ்க்? வேன் நின்னுபோச்சுன்னா? ராத்திரியில அம்மாவுக்கு ஏதாவதுன்னா?' அவள் கேட்பதில் ஒன்றும் தப்பில்லை. மலையில் பல இடத்தில் சிக்னல் இல்லை. பெரிய ஆஸ்பத்திரி என்றால் கள்ளக்குறிச்சிக்குத்தான் இறங்கவேண்டும். அப்பாவும் அதைத் தெரிந்தேதான் வைத்திருந்தார். இருட்டின பிறகு ஓட்டுவதில்லை. ஒரு நாளைக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் இல்லை. மாத்திரைச் சீட்டின் நகல் இருவர் சட்டைப்பையிலும் பர்ஸிலும். அக்கா போட்ட நிபந்தனை ஒன்று: வாட்ஸ்அப்பில் லைவ் லொகேஷன் எப்போதும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அதை ஒரு தடவைக்கு அதிகபட்சம் 8 மணி நேரம்தான் போட முடியும். தினமும் காலையில் நானே அம்மாவின் போனில் போட்டுவிட்டுக்கொண்டிருந்தேன். மலையை விட்டு இறங்கும் முன், அதை எப்படிப் போடுவது என்று அம்மாவுக்கு இரண்டு தடவை சொல்லிக்கொடுத்தேன். அம்மா தலையாட்டினார்.

சனிக்கிழமை காலை கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் என்னை இறக்கிவிட்டார்கள். அவர்கள் திருக்கோவிலூர் போய், ஆற்றுக்கு அந்தப் பக்கம் அறையணிநல்லூரையும் பார்த்துவிட்டு, திருவண்ணாமலைப் பக்கம் போவதாகத் திட்டம். இன்னும் 20 கோயில் பாக்கி. 'பத்திரமா போ, போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு' என்று அம்மா எனக்குச் சொன்னார். அப்பா சைடு மிரரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் சென்னை வந்து சேர்வதற்குள் அக்கா மூன்று தடவை கூப்பிட்டுவிட்டாள். 'லொகேஷன் நின்னுபோச்சுடி. 12 மணியிலேர்ந்து ரெண்டு பேரும் போன் எடுக்கல.' நானும் கூப்பிட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது.

நாலரை மணிக்கு அம்மாவே கூப்பிட்டார். பெண்ணை ஆற்றங்கரை ஓரமாக நல்ல நிழல் இருந்ததாம். தயிர் சாதம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர்கள் இப்போதுதான் எழுந்தார்களாம். கோயில் திறந்திருக்கும், கிளம்பப் போகிறோம் என்றார். லொகேஷன் என்ன ஆச்சு என்று கேட்டேன்.

'அதுவா? நான்தான் நிறுத்திட்டேன். சார்ஜ் இறங்குது' என்றார். பின்னால் அப்பா வேனை ஸ்டார்ட் பண்ணும் சத்தம் கேட்டது.